ஒன்பது பேர் ஆட... ஒரே ஒரு ரசிகை!

சேப்பாக்கத்துல ஐ.பி.எல். மேட்ச் பார்க்க ஆன்லைன் க்யூவில் மணிக்கணக்கா காத்திருந்து, கடைசியில 'சோல்டு அவுட்' பார்த்து நொந்துபோன மக்களே... டிக்கெட்டே இல்லாத, க்யூவே இல்லாத, முதல் வரிசை மொத்தமும் உங்களுக்கே உங்களுக்கான ஒரு ஆட்டம் சொல்லட்டுமா? காலேஜ் சாஃப்ட்பால்! கேலரியில் இடம் பிடிக்கிற கவலை வேண்டாம். ஏன்னா, கேலரியே கிடையாது. ஒரு மர நிழல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்துல தண்ணி கேன். அதுதான் வி.ஐ.பி. பாக்ஸ்!

எங்க காலேஜ் பெண்கள் சாஃப்ட்பால் டீமுக்கு ரசிகர் மன்றம் ஒண்ணு இருக்கு. தலைவி நான். செயலாளர் நான். பொருளாளரும் நானேதான். மொத்த உறுப்பினர்கள்... ஹி... ஹி... அதே ஒரு ஆள்தான்!

முதல் வருஷத்துல இருந்து என் பெஞ்ச்மேட்தான் அந்த டீமோட கேட்சர். அவ பேரை இங்கே எழுத மாட்டேன். காரணத்தைக் கடைசியில சொல்றேன். இப்போதைக்கு அவ பேரே 'கேட்சர்'னு வெச்சுக்குங்க.

பந்து வந்த பாதை

"சாஃப்ட்பால்னா ஸ்பாஞ்ச் பால்ல விளையாடுறதா?" எங்க கிளாஸ்ல பாதிப் பேர் கேட்ட கேள்வி இது. சாரி பாஸ்... பேர்லதான் சாஃப்ட். சுற்றளவு 12 இன்ச். கிரிக்கெட் பந்தைவிடப் பெருசு. முட்டியில பட்டா ஒரு வாரம் நொண்டணும்.

நிஜமாவே சாஃப்ட்டா இருந்தது முதல் நாள் மட்டும்தான். 1887-ம் வருஷம், சிகாகோவுல ஒரு படகு கிளப். ஹார்வர்டு - யேல் ஃபுட்பால் மேட்ச் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டிருந்த பசங்கள்ல ஒருத்தன் பொழுது போகாம ஒரு பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கி எறிய, இன்னொருத்தன் கையில கிடைச்ச குச்சியால அதைத் திருப்பி அடிக்க... ஜார்ஜ் ஹான்காக்னு ஒருத்தர் அதையே ஆட்டமாக்கிட்டார். 'சாஃப்ட்பால்'ங்கிற பேரு 1926-ல்தான் வந்தது. வெச்சவர் வால்டர் ஹாகன்சன். ஒய்.எம்.சி.ஏ-காரர்!

பேஸ்கட்பால், வாலிபால் ரெண்டும்கூட ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்துல பிறந்த ஆட்டங்கள்தான். அந்த ஒய்.எம்.சி.ஏ-வோட சென்னைக் கிளை விரிஞ்சு நிற்கிற இடம்தான் நம்ம நந்தனம். ஹாரி குரோ பக்ங்கிற அமெரிக்கர் 1920-ல் ஆரம்பிச்ச உடற்கல்விக் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவர்தான். நம்ம ஜெனரேஷனுக்கு ஒய்.எம்.சி.ஏ-ன்னா புத்தகக் கண்காட்சி, இல்லேன்னா மியூசிக் கான்செர்ட். ஆனா சாதாரண நாள்ல போய்ப் பாருங்க. அண்ணா சாலையோட ஹாரன் சத்தம் கேட்டைத் தாண்டினதும் அடங்கிடும். பின்பக்கம் அடையாறு. நடுவுல மரங்கள், மண், ட்ராக் சூட் போட்ட மனுஷங்க. சென்னைக்கு நடுவுல இவ்வளவு வானம் வேற எங்கேயும் தெரியாது!

கேட்சரோட காலை

டோர்னமென்ட்டுக்கு முந்தின ஒரு மாசம், ஞாயித்துக்கிழமைன்னா பெசன்ட் நகர் பீச்சுல ப்ராக்டீஸ். வாக்கிங் போற மாமாக்கள் எல்லாம் "கிரிக்கெட்டாம்மா?"ன்னு கேட்பாங்க. "இல்லே அங்கிள்"னு ஆரம்பிச்சா விளக்கி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அதனால "ஆமா அங்கிள்" சொல்லிட்டுத் தப்பிச்சிடுவோம்.

பிட்சர் கையை ஒரு முழு வட்டம் சுத்தி, இடுப்புக்குக் கீழே இருந்து பந்தை விடுவா. பெண்கள் ஆட்டத்துல தூரம் 43 அடி. அதாவது 13 மீட்டர் சொச்சம். இன்டர்நேஷனல் லெவல்ல 110 கிலோ மீட்டர் வேகத்துல பந்து வரும். நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே... கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.43 நொடி! கண்ணு ஒரு தடவை சிமிட்டினா பந்து கேட்சர் கையில இருக்கும். அந்தப் பந்தை முட்டி மடக்கி உட்கார்ந்து, ஒரு மேட்ச்சுக்கு நூறு தடவை பிடிக்கிறவதான் என் ஃப்ரெண்ட்.

அவ போன் வால்பேப்பர்ல இருக்கிறது ஹீரோ இல்லை; யுகிகோ உவேனோ. ஜப்பான் பிட்சர். 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டே நாள்ல மூணு மேட்ச், 413 பந்து போட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தாங்க. அதோட சாஃப்ட்பாலை ஒலிம்பிக்ஸ்ல இருந்தே தூக்கிட்டாங்க! 13 வருஷம் கழிச்சு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல திரும்ப வந்தப்போ உவேனோவுக்கு 39 வயசு. ஃபைனல்ல அமெரிக்காவை 2-0ன்னு ஜெயிச்சு மறுபடி தங்கம். 2024 பாரிஸ்ல ஆட்டம் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் பட்டியல்ல திரும்ப இருக்கு. "எப்ப இருக்கும், எப்ப இருக்காதுன்னே தெரியாத ஒரு கேம்டி. அதான் இருக்கும்போதே விளையாடிடணும்"பா கேட்சர்.

அவ விஷயத்துல அது உண்மையும்கூட. நாங்க மூணாவது வருஷம் முடிக்கிறோம். அடுத்து ப்ளேஸ்மென்ட். "இத்தோட விளையாட்டெல்லாம் போதும். வேலைக்கு வழியைப் பாரு"ன்னு அவங்க அப்பா சொல்லிட்டார். அதனால இந்த டோர்னமென்ட் நடக்குறது அவ வீட்ல தெரியாது. அந்த சனிக்கிழமை வீட்டுக் கணக்குப்படி அவ 'ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்'ல இருந்தா. சாயங்காலம் தி.நகர்ல இன்டர்வியூவுக்கு ஃபார்மல்ஸ் வாங்கிட்டு வர்றதா அம்மாகிட்டே காசு வேற வாங்கியிருந்தா.

ஸ்கோர் புக்

எங்க டீம்ல மொத்தமே பத்து பேர். அதுல ஒருத்திக்கு ஜுரம். மீதி ஒன்பது. ஸ்கோர் எழுத ஆள் இல்லை. பி.டி. சார் என்னைப் பார்த்தார். "சும்மாதானே கத்திக்கிட்டிருக்கே... இதை எழுது!"

மயிலாப்பூர்ல இருந்து சேமியர்ஸ் ரோடு வழியா நந்தனம் வர்ற வரைக்கும் ஆட்டோவுலயே பாடம் படிச்சேன். சாஃப்ட்பால்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சு அவுட் பண்ணினா '6-3'. அவ்வளவுதான். ஒரு ஓட்டம், ஒரு எறி, ஒரு ஏமாற்றம்... எல்லாம் மூணு எழுத்துல முடிஞ்சிடும்.

இன்னொரு விஷயத்தையும் சார் அழுத்திச் சொன்னார். கிரிக்கெட்ல கேப்டன் நினைச்சா அஞ்சாவது ஆளுக்குப் பதிலா ஏழாவது ஆளை இறக்கலாம். இங்கே அது நடக்காது. மேட்ச்சுக்கு முன்னாடி கொடுத்த வரிசைதான் கடைசி வரைக்கும். மாறி அடிச்சு, எதிர் டீம் அடுத்த பந்துக்குள்ள அப்பீல் பண்ணிட்டா, யார் வந்திருக்கணுமோ அவங்க அவுட். அடிச்ச அடியும் செல்லாது. ஆனா பேட்டர் ஆடிக்கிட்டிருக்கும்போதே நாம கண்டுபிடிச்சு சரியான ஆளை உள்ளே அனுப்பிட்டா ஒரு தண்டனையும் இல்லை. "அதுக்குத்தான் ஸ்கோரர்"னார்.

தலையாட்டினேன். நல்லாவே ஆட்டினேன்.

ஏழாவது இன்னிங்ஸ்

காலையில கால் இறுதி. அஞ்சு ரன் வித்தியாசத்துல ஜெயிச்சாச்சு. மதியம் ரெண்டு மணி வெயில்ல செமி ஃபைனல். சாஃப்ட்பால்ல ஏழு இன்னிங்ஸ். கடைசி இன்னிங்ஸ்ல நாங்க அடிக்கணும். 5-4, ஒரு ரன் பின்னாடி இருக்கோம். வரிசைப்படி அஞ்சாம் நம்பர் இறங்கினா. தூக்கி அடிச்சு கேட்ச். ஒரு அவுட்.

அடுத்தது ஆறாம் நம்பர், எங்க ஷார்ட்ஸ்டாப். முந்தின இன்னிங்ஸ்ல ஸ்லைடு பண்ணி முட்டி கிழிஞ்சு, ஓரமா உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கிட்டிருந்தா. யாரோ "சீக்கிரம், சீக்கிரம்"னு கத்த... ஏழாம் நம்பரான கேட்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நடந்துட்டா.

நான் என்ன பண்ணினேன்? நாற்காலி மேல ஏறி விசில் அடிச்சேன்! புக் நாற்காலிக்குக் கீழே கிடந்தது.

இரண்டாவது பந்து. 'டங்'னு ஒரு சத்தம். ரைட் ஃபீல்டருக்கும் சென்டர் ஃபீல்டருக்கும் நடுவுல போன பந்து, தடுக்க வேலி இல்லாததால உருண்டுக்கிட்டே போச்சு. முதல் பேஸ்... ரெண்டாவது பேஸ்... புழுதிக்குள்ள புகுந்து மூணாவது பேஸ்ல எழுந்து நின்னா கேட்சர். மூணு வருஷத்துல அவ அடிச்ச மிகப் பெரிய அடி அது. நான் குதிச்சு இறங்கி, புக்கை எடுத்துப் பென்சிலால எழுத ஆரம்பிச்சேன். அப்பத்தான் பார்த்தேன். எழுத வேண்டிய கட்டம் அவளோடது இல்லை.

எதிர் டீம் கோச் கையைத் தூக்கினார். அம்பயர் நேரா ஸ்கோரர் டேபிளுக்கு வந்தார். எதிர் டீம் ஸ்கோரர் பொண்ணு ரெண்டு பேட்டர் பின்தங்கி எழுதிக்கிட்டிருந்தா. முழுசா எழுதின புக் என்னோடது மட்டும்தான்.

"யாரும்மா வரணும்?"

நிஜத்தைச் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ்... ரெண்டு செகண்ட் யோசிச்சேன். கையில பென்சில், ரப்பர் ரெண்டும் இருந்தது. மூணாவது பேஸ்ல அவ இடுப்புல கை வெச்சு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

புக்கை அவர் பக்கம் திருப்பினேன். "ஆறாம் நம்பர், சார்."

ஷார்ட்ஸ்டாப் பேட்டையே தொடாம அவுட். ரெண்டு அவுட். அடுத்து வர வேண்டியது ஏழாம் நம்பர். அதாவது மறுபடியும் கேட்சர்! மூணாவது பேஸுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவுல 60 அடி. ரன் எடுக்க ஓட வேண்டிய அந்த 60 அடியை அவ நடந்து வந்தா. வந்து, பேட்டை எடுத்துத் திரும்ப நின்னா. அடிச்சது தரையோட போச்சு. ஷார்ட்ஸ்டாப் கையில விழுந்து, முதல் பேஸுக்குப் பறந்தது.

எழுதினேன். 6-3.

வெங்கட்நாராயணா ரோடு

அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வெங்கட்நாராயணா ரோட்டுல தி.நகரை நோக்கி நடந்தோம். திருப்பதி தேவஸ்தானம் கோயில் தாண்டியும் பேச்சு இல்லை. நடேசன் பார்க் தாண்டியும் பேச்சு இல்லை. அரியர் வந்தப்போகூட அவ இப்படி இருந்ததில்லை. உஸ்மான் ரோட்டுக் கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளிக் கடைக்குள்ள கொண்டுபோய் விட்டுச்சு. கிரே கலர் பேன்ட் ஒண்ணு எடுத்தா. ட்ரையல் ரூம் க்யூவுல நிக்கும்போதுதான் வாயைத் திறந்தா.

"நான் இறங்கினப்போ நீ புக்கைப் பார்த்தியா, இல்லியா?"

"பார்க்கலை. விசில் அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"புக்கைக் காட்டினது தப்பில்லை. அவ்வளவு நேரம் பார்க்காம இருந்தியே, அதுதான் தப்பு. ரசிகைன்னா கத்து. ஸ்கோரர்னா எழுது. ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதே."

"சாரிடி."

"வரிசையை நானும்தான் பார்க்கலை. விடு."

உள்ளே போனா. பேன்ட்டோட வெளியே வந்து கண்ணாடி முன்னாடி நின்னா. இன்டர்வியூவுக்குப் போற பொண்ணு மாதிரியே இருந்தா, முழங்கையில ஒட்டியிருந்த செம்மண்ணைத் தவிர.

"அந்த அடியை எழுதினியா?"

"எழுதி அழிச்சேன். செல்லாதே!"

பையில இருந்து புக்கை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினா. பென்சில் அழுத்தின தடம் லேசா இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தா.

"நல்லா அடிச்சேன்ல?"

"செமயா அடிச்சே. நான்தான் பார்த்தேனே!"

"நீ ஒருத்தி பார்த்தா போதாதுடி. எங்க அப்பா பார்த்திருக்கணும்."

அடையாறு போற பஸ்ஸுல ஜீரோ டிக்கெட் வாங்கிக்கிட்டு, கூட்டத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே போகும்போதுதான் கேட்டேன்: "இதை நான் பத்திரிகையில எழுதட்டுமா? உங்க வீட்ல வாரா வாரம் வாங்குறீங்களே..." சைதாப்பேட்டை வரைக்கும் யோசிச்சா. "பேர் போடாதே. மத்ததெல்லாம் எழுது"ன்னா.

அதனால, பேர் போடலை. ஆனா அங்கிள்... போன சனிக்கிழமை உங்க வீட்டுக்கு ஒரு கிரே கலர் பேன்ட் வந்துதா? வந்திருந்தா, இது உங்க பொண்ணோட கதைதான். அன்னிக்கு ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங் இல்லை. பொய் சொன்னதுக்கு அவளைத் திட்டுங்க, தப்பில்லை. ஆனா திட்டி முடிச்சதும் அந்த அடியைப் பத்தி ஒரு தடவை கேளுங்க. எந்த ஸ்கோர் புக்லயும் அது இருக்காது.

அடுத்த மாசம் இன்னொரு டோர்னமென்ட் இருக்கு. நான் இந்தத் தடவை விசில் அடிக்க மாட்டேன், எழுத மட்டும்தான் போறேன். கத்துறதுக்கு ஆள் வேணும், அங்கிள். மரத்தடியில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். டிக்கெட் கிடையாது!