போதுமா என்று கேளுங்கள்

இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இவ்வளவுதான் சாப்பிடுவியா?" கடந்த ஒன்றரை ஆண்டாக நானும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அல்சர் முற்றி இரத்தம் கசிந்ததால் என் இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பின் கிளைகளும் அதில் பாதிக்கப்பட்டன. உணவைக் கடைந்து சிறுகுடலுக்குத் தள்ளும்படி இரைப்பைத் தசைகளுக்குச் சொல்வது அந்த நரம்புதான். அதன் பேச்சு எட்டாவிட்டால் காலையில் சாப்பிட்டது மதியம் வரை அப்படியே கிடக்கும். நாலு வாயிலேயே வயிறு நிரம்பி, உப்புசமும் குமட்டலும் வந்துவிடும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிக்கச் சொன்னார் உணவியல் நிபுணர். கொழுப்பு, வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். அதனால் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் பொரித்த கோழியும் தள்ளிப்போயின. மந்தமான வயிற்றில் பச்சைக் காய்கறியும் தோலோடு தின்னும் பழமும் கட்டியாகத் தேங்கக்கூடும் என்பதால் அவையும் குறைந்தன. குழைந்த கஞ்சி, ரசம் சாதம், வேகவைத்த பூசணி, ஆவியில் வெந்த மீன் ஆகியவை ஒத்துக்கொள்கின்றன. தண்ணீர், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடக்கிறேன்.

மெதுவாகச் சாப்பிட என் வானொலி வேலையே உதவியது. ஒரு பாடல் ஏறக்குறைய நாலரை நிமிடம். ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சிக்கு ஐந்து பாடல்.

இதையெல்லாம் பழகிவிடலாம். உறவினர்களின் பாசத்தைச் சமாளிப்பதுதான் சிரமம். கல்யாண வீட்டில் பாதியில் இலையை மூடினால், "சமையல் பிடிக்கலையா?" என்று அத்தையின் முகம் வாடும். வீட்டில் அம்மா, "இன்னும் ஒரே ஒரு வாய், கண்ணு" என்பார். அந்த ஒரு வாய்க்காக இரவு முழுக்க உட்கார்ந்தே கழித்ததுண்டு. பிறகு ஒருமுறை அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் தாளில் வயிற்றை வரைந்து, எடுத்த பகுதியைப் பேனாவால் அடித்துக் காட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எனக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் அலமாரியிலிருந்து இறங்கியது. இப்போது "போதுமா?" என்று மட்டும் கேட்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் பி12, இரும்புச்சத்து அளவுகளை அவ்வப்போது இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ, மலம் கறுத்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கலாம். சாப்பிட முடியாது என்று அவரை விருந்துக்கு அழைக்காமல் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கொஞ்சமாகப் பரிமாறுங்கள்.