கோப்பிங்கன் ரயிலும் ஆம்பூர் ஷூவும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து எங்கே ஓடிச்சுன்னு கேட்டா, ராயபுரம்னு பாதிப் பதிலை எல்லாரும் சொல்லிடுவீங்க. மீதிப் பாதி நம்ம பக்கத்துல இருக்கு. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பிய அந்த ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. ராணிப்பேட்டைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1859-ல், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கும் கோப்பிங்கன் என்ற ஊரில் தியோடர் மெர்க்லின் என்ற தகர வேலைக்காரர் ஒரு பட்டறை போட்டார். ரயில் செய்ய இல்லை. பொம்மை வீட்டுக்குள்ள வைக்கிற குட்டிக் குட்டி சமையல் பாத்திரங்கள் செய்ய. நம்ம ஊர்ல சொப்பு சாமான்னு சொல்வோமே, அதேதான், தகரத்தில். அந்தச் சொப்புப் பட்டறைதான் பின்னாடி உலகத்திலேயே பேர்போன மாடல் ரயில் கம்பெனி ஆச்சு. 2009-ல் திவாலும் ஆச்சு. இந்தக் கதையை ஒரு மெக்கானிக்கல் மாணவனா படிக்க ஆரம்பிச்சேன். முடிக்கும்போது ஆம்பூர்க்காரனா உட்கார்ந்திருந்தேன். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

1866-ல் தியோடர் இறந்துட்டார். கடையை இழுத்து மூடியிருக்கலாம். அவர் மனைவி கரோலின் மூடவில்லை. மாதிரிப் பொருட்களை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போய் ஆர்டர் பிடிச்சு வந்தவர் அவர். ஒரு பெண் தனியா வியாபாரத்துக்குப் பயணம் போறது அந்தக் காலத்து ஜெர்மனியில் சாதாரணம் இல்லை. 1888-ல் மகன்கள் பொறுப்புக்கு வரும்வரை கம்பெனி உயிரோடு இருந்ததுக்குக் காரணம் அந்த அம்மாதான். கம்பெனி வரலாறுகளில் இவருக்குக் கிடைக்கும் இடம் சில வரிகள்தான் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

மகன்கள் செய்த வேலையைப் பாருங்க. 1891-ல் லைப்சிக் கண்காட்சியில் சாவி கொடுத்தா ஓடுற ஒரு ரயிலை வெச்சாங்க. எட்டு வடிவத்தில் தண்டவாளம். பொம்மை ரயில் அதுக்கு முன்னாடியும் உண்டு. புதுசு என்னன்னா, தண்டவாளத்தின் அகலத்துக்கு நிலையான அளவுகளை வெச்சதுதான். நம்பர் போட்டு, இந்த நம்பர் தண்டவாளத்தில் இந்த நம்பர் வண்டி ஓடும்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு பொம்மை ரயில் வாங்கினா கதை அங்கேயே முடிஞ்சது. இப்போ, இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு எஞ்சின், அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பெட்டி, அதுக்கடுத்து ஒரு ஸ்டேஷன். எல்லாம் ஒண்ணோடொண்ணு பொருந்தும். மெஷின் டிராயிங்ல 'ஸ்டாண்டர்டைசேஷன்'னு ஒரு பக்கம் படிச்சுட்டு மறந்துட்டோமே, அதை வெச்சு ஒரு குடும்பம் நூறு வருஷம் சம்பாதிச்சது.

1935-ல் மேஜை மேலேயே ஓடுற அளவுக்கு ரயிலைச் சின்னதாக்கினாங்க. இதுதான் பின்னாடி எச்-ஜீரோ ஆச்சு. பாதி ஜீரோன்னு அர்த்தம். அளவு 1:87. கால்குலேட்டரை எடுங்க. ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் கேஜ் 1435 மி.மீ. 87-ஆல் வகுத்தா 16.5. எச்-ஜீரோ தண்டவாளம் சரியா அதுதான். நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. வகுத்தா 19.3 வரணும். அதனால எச்-ஜீரோ தண்டவாளத்தில் நம்ம ஊர் எஞ்சினை ஓட்டினா, கால் ரெண்டும் நெருங்கி நிக்கிற மாதிரி இருக்கும். இன்னொரு கணக்கு: ஒரு எல்.எச்.பி. பெட்டி ஏறக்குறைய 23.5 மீட்டர். 1:87-ல் அது 27 செ.மீ. 22 பெட்டி கோர்த்தா கிட்டத்தட்ட ஆறு மீட்டர். ஹாஸ்டல் ரூம்ல வைக்க முடியாது, வராண்டாவுலதான். வளைவு இன்னும் மோசம். நம்ம பிராட் கேஜில் 175 மீட்டர் ஆரத்துக்குக் குறைஞ்ச வளைவு கூடாது. 1:87-ல் அது ரெண்டு மீட்டர், அதாவது நாலு மீட்டர் விட்டத்துல ஒரு வட்டம். மெர்க்லின் பெட்டியில் வர்ற சின்ன வட்டத்தின் ஆரம் 36 செ.மீ. நிஜ அளவில் 31 மீட்டர்! எந்த ரயிலும் அதில் திரும்பாது. அதனால பெட்டிகளோட நீளத்தைக் கொஞ்சம் வெட்டினாங்க. 26.4 மீட்டர் ஐரோப்பியப் பெட்டி 30 செ.மீ. வரவேண்டிய இடத்தில், பழைய தகரப் பெட்டிகளை 24 செ.மீட்டரில் முடிச்சாங்க. ஒரு குழந்தையோட மேஜைக்காக விட்டுக்கொடுத்த ஆறு சென்டிமீட்டர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மூணாவது தண்டவாளம். மத்த கம்பெனிகள் பெரும்பாலும் ரெண்டு தண்டவாளத்தில் டி.சி. கொடுத்தாங்க. ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். அதுல ஒரு சிக்கல். தண்டவாளத்தை வளைச்சுக் கொண்டுவந்து அதே பாதையில் திரும்பச் சேர்த்தா பிளஸ்ஸும் மைனஸும் முட்டி ஷார்ட் சர்க்யூட். எட்டு வயசுப் பையனுக்கு இதை எப்படிப் புரியவைப்பீங்க? மெர்க்லின் ஏ.சி. எடுத்தாங்க. மின்சாரம் நடுவுல, ரெண்டு பக்கத் தண்டவாளமும் ஒரே முனை. பையன் எந்த வடிவத்தில் போட்டாலும் ஷார்ட் ஆகாது. நடுத் தண்டவாளம் பார்க்க அசிங்கமா இருக்குன்னு 1950-களில் அதை எடுத்துட்டு, கட்டைகளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் புள்ளிகளா ஆக்கினாங்க. எஞ்சினுக்கு அடியில் ஒரு நீளமான சறுக்குத் தகடு அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கிட்டே போகும். எஞ்சின் பின்னாடி போகணுமா? ஓடுறப்போ 16 வோல்ட் வரைக்கும்தான். ஒரு நொடி 24 வோல்ட் கொடுத்தா உள்ளே ரிலே தட்டி திசை மாறும். அவ்வளவுதான். எலெக்ட்ரிகல் மிஷின்ஸ் வைவாவில் இப்படி ஒரு கேள்வி வந்தா எத்தனை பேர் உருப்படியா பதில் சொல்வோம்?

போருக்கு அப்புறம் வந்த முப்பது வருஷம் பொற்காலம். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதையில் ஓடின 'முதலை' எஞ்சினோட குட்டி வடிவத்துக்காக ஏங்காத பையனே ஜெர்மனியில் இல்லைங்கிற மாதிரி எழுதறாங்க. துத்தநாகக் கலவையை அச்சில் ஊத்திச் செஞ்ச உடம்பு, கையில் எடுத்தா கனக்கும். 1972-ல் 1:220-க்கு இறங்கி, 6.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுற ரயில். 1980-களின் நடுவில் டிஜிட்டல், ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி முகவரி. ஆக, 'வீடியோ கேம் வந்துச்சு, ரயில் செத்துச்சு'ன்னு ஒரே வரியில் முடிக்கிறவங்களை நான் பாதிதான் நம்புறேன். எலெக்ட்ரானிக்ஸைப் பார்த்துப் பயந்த கம்பெனி இல்லை இது.

நடந்தது வேற. 1955-ல் எட்டு வயசா இருந்த பையனுக்கு 1990-ல் நாற்பத்து மூணு. கையில் காசு, மனசுல ஏக்கம். அவன் பெட்டி 24 செ.மீ. இருந்தா ஒத்துக்க மாட்டான். சரியான நீளம் வேணும், ஜன்னல் கம்பி வேணும், எஞ்சின் நம்பர்கூட நிஜமா இருக்கணும். கம்பெனி அவன் பின்னாடியே போச்சு. சேகரிப்பாளர்களுக்குன்னு குறைஞ்ச எண்ணிக்கையில் சிறப்பு வெளியீடுகள். விலை ஏறிக்கிட்டே போச்சு. இன்னைக்கு ஒரு நல்ல எஞ்சின் ஐந்நூறு யூரோவைத் தாண்டும். எந்த அப்பா அதைத் தூக்கி எட்டு வயசுப் பிள்ளை கையில் கொடுப்பார்? கண்ணாடி அலமாரியில்தான் வைப்பார். பழைய பையன் வாங்கிக்கிட்டே இருந்ததால கணக்கும் ரொம்ப நாள் நல்லாவே தெரிஞ்சது. புதுப் பையன் கடைக்குள்ளேயே வரலைங்கிறது கணக்குப் புத்தகத்தில் தெரியாது.

தெரிஞ்சப்போ நேரம் போயிடுச்சு. 2006-ல் சொந்தக்காரக் குடும்பங்கள் கம்பெனியைக் கிங்ஸ்பிரிட்ஜ் கேபிட்டல் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துட்டாங்க. ஆள்குறைப்பு, ஆலோசகர்கள், அந்த ஆலோசகர்களுக்கு மில்லியன் கணக்கில் யூரோ. 2009 பிப்ரவரி 4-ஆம் தேதி, நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி தொடங்குற நேரத்தில், வங்கிகள் கடனை நீட்டிக்காததால் திவால் மனு. கம்பெனிக்கு அது 150-ஆவது பிறந்தநாள் வருஷம். தனியா அவங்க மட்டும் இல்லை. தோட்டத்தில் ஓடுற பெரிய ரயில்கள் செஞ்ச லேமன் கம்பெனி 2006-லயே விழுந்துச்சு. நியூரம்பெர்க்கின் ஃப்ளைஷ்மன் 2015-ல்.

ஆனா மெர்க்லின் சாகலை. நீதிமன்றம் நியமிச்ச நிர்வாகி மிஷாயேல் புளூட்டா, ஆலோசகர் செலவை வெளிப்படையாத் திட்டினார், சீனாவுக்குப் போன வேலைகளில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்தார், லாபத்துக்குக் கொண்டுவந்தார். 2013-ல் சிம்பா டிக்கி என்ற ஜெர்மன் பொம்மை நிறுவனம் வாங்கிச்சு. இப்போ கோப்பிங்கன்லயும் ஹங்கேரியின் ஜோர் நகரத்துலயும் வேலை நடக்குது. மூணு வயசுக் குழந்தைகளுக்குன்னு பேட்டரி ரயில்களும் விக்கிறாங்க. சேகரிப்பாளர்களில் சிலருக்கு அது மூக்கைச் சுளிக்கிற விஷயம். எனக்கு அதுதான் நல்ல செய்தியாத் தெரியுது.

சரி, ஆம்பூருக்கு வருவோம்.

எங்க அப்பா முப்பது வருஷமா ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலை விரிச்சதும் முதல்ல கையால தடவுவார். எங்கே தளர்வு, எங்கே உண்ணி கடிச்ச தழும்பு, எந்தப் பக்கம் இழுவை. முதுகுப் பக்கத் தோல் ஷூவின் முன்பாகத்துக்கு, வயிற்றுப் பக்கம் உள்ளே மறையற துண்டுகளுக்கு. அப்புறம்தான் டையை வெச்சு பிரஸ்ஸை இறக்குவார். ஒரு தோலில் ஒரு துண்டு அதிகமா எடுக்கிறதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

இந்தப் பாலாற்று ஊர்கள் மெதுவா மேலே ஏறினவை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோலை ஏத்தி அனுப்பிக்கிட்டு இருந்த ஊர்கள், 1970-களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினதும் முழுத் தோலுக்கு வந்து, அப்புறம் ஷூவின் மேல்பகுதிக்கு, அப்புறம் முழு ஷூவுக்கு வந்துச்சு. நடுவுல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் பாலாற்றுக் கழிவு வழக்கில் கொடுத்த தீர்ப்பு. அது நியாயமான அடி. அந்தத் தண்ணியைக் குடிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்க நாம.

இப்போ விழுகிற அடி சத்தமில்லாதது. அப்பா வெட்டுறது ஆம்பளைங்க ஆபீஸுக்குப் போடுற கறுப்பு ஷூ, பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு. கொரோனாவுக்கு அப்புறம் அங்கேயும் பாதி ஆபீஸ் வீட்டுக்கு வந்துடுச்சு. மீதிப் பேர் ஸ்னீக்கர்ஸ். செய்யாறு சிப்காட்ல தைவான்காரங்க ஸ்போர்ட்ஸ் ஷூ செய்யறாங்க, அங்கே தோலுக்கு வேலை கம்மி. அப்பா கம்பெனியிலும் ஒரு லைன் துணிக்கும் ரெக்ஸினுக்கும் மாறிடுச்சு. துணியில் தழும்பு இருக்காது. தடவிப் பார்க்கிற கைக்கு அங்கே தனியா மதிப்பு இல்லை. அடுக்கி வெச்சு ஒரே அடியில் பத்து துண்டு.

நம்பலைன்னா நாளைக்கு உங்க கிளாஸ்ல குனிஞ்சு பாருங்க. நான் பார்த்தேன். எங்க செக்‌ஷன்ல 58 பேர். சாதாரண நாளில் தோல் ஷூ போட்டவங்க நாலு பேர், அதில் ஒருத்தர் சார். பிளேஸ்மென்ட் அன்னைக்கு மட்டும் 57 ஜோடி பளபளன்னு. அதில் பாதி ரூம்மேட்கிட்ட கடன் வாங்கினது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைங்க மட்டும் எங்க கிளாஸ்ல ஒன்பது பேர். நானும் கான்வாஸ்தான் போட்டிருக்கேன், இதை டைப் பண்ணும்போதும். எட்டு வயசுப் பையன் கடைக்குள்ள வரலைன்னு கோப்பிங்கனைப் பத்தி எழுதினேனே, ஆம்பூர்க் கடைக்குள்ள வராத பையன் நான்தான்.

போன லீவுல முழுக் கதையையும் அப்பாகிட்ட சொன்னேன். முதலை எஞ்சின் வீடியோவை ரெண்டு தடவை பார்த்தார். வங்கி, முதலீடு எதையும் கேட்கலை.

"ஆளுங்க இன்னா ஆனாங்க?"

"கொஞ்சம் பேருக்கு வேலை போச்சுப்பா. மீதிப் பேர் இருக்காங்க. ஹங்கேரியிலயும் செய்யறாங்க."

"அங்க கூலி கம்மியா?"

"ஆமா."

"அப்போ அதுவும் நம்ம ஊர் மாதிரிதான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அவங்களுக்காவது டப்பா மேல சொந்தப் பேரு போட்டுக்க முடிஞ்சுது. நான் வெட்டுன ஷூ எந்தப் பேர்ல விக்குதுன்னு டப்பாவைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கறேன்."

அப்புறம் 1:87 கணக்கு அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ரயில், பிளாட்பாரம், நம்ம வீடு எல்லாத்தையும் வகுக்கச் சொன்னார். கடைசியா ஒரு ஷூ. முப்பது சென்டிமீட்டர் ஷூ 3.4 மி.மீ. வந்துச்சு. அதுக்கு முன்பாகம் எவ்வளவு, நாக்கு எவ்வளவுன்னு விரல் நுனியில் காட்டிப் பார்த்தார்.

"அதுக்கு டை அடிக்க முடியாதுடா. கத்தியாலதான் வெட்டணும்"னு சொல்லிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.