முக்கால் அங்குலத் தண்டு

அப்பா விட்டுச்சென்ற போர்க்கால வில்லிஸ் ஜீப்பை அண்ணன் தம்பி இருவருமாகத் திருவொற்றியூர் வீட்டு வாசலில் பிரித்துப் போட்டிருந்தோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு ஷாஃப்ட் தேய்ந்துபோயிருந்தது. புதுப்பேட்டையில் அச்சு அசலாகத் தெரிந்த ஒன்றை, சுற்றிச் சுழலும் கியரோடு வாங்கிவந்தோம். துளைக்குள் நுழையவே இல்லை. 1945 வரையிலான ஜீப்புகளுக்கு அது முக்கால் அங்குலம். பிறகு வந்தவற்றுக்கு ஒன்றே அரைக்கால், அதற்கும் பிறகு ஒன்றேகால். (வகுப்பில் கீழ்வாய் இலக்கம் நடத்தும் எங்களுக்கு அரைக்கால் அன்றுதான் கைக்கு அகப்பட்டது!)

"கூட்டைக் குடைஞ்சா ஏறிடும் சார். அப்புறம் பழைய ஷாஃப்ட் எதுவும் நிக்காது" என்றார் லேத் பட்டறைக்காரர்.

அப்பா கழுவித் துடைத்த கூடு அது. துணியில் சுற்றித் திரும்ப எடுத்துவந்தோம். இப்போது ஞாயிறுதோறும் வெர்னியரும் கையுமாகப் புதுப்பேட்டை போகிறோம்.