தகடூரும் தோஹாவும்

தர்மபுரிக்கு வந்து அதியமானுடைய கோட்டையைப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நலம். கோட்டை இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை என்ற ஊர் வரும். அங்கே காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணிக்காயைப் பிளந்து அதில் விளக்கேற்ற வரும் பெருங்கூட்டம் இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. மதில் எங்கே, அகழி எங்கே என்று கேட்டால் மட்டும் ஊரார் மரியாதையாகப் புன்னகை செய்வார்கள். தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் இவ்வளவு புகழ் பெற்று, கண்ணுக்கு இவ்வளவு குறைவாக அகப்படும் கோட்டை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

ஆயினும் அங்கே போக வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை எனக்குக் கற்பித்தது ஒரு கால்பந்தாட்டம் என்று சொன்னால் தமிழ்ப் புலவர்கள் கோபித்துக் கொள்ளக்கூடாது.

எங்கள் ஜில்லாவில் கால்பந்து ரசிகனாக இருப்பது கொஞ்சம் தனிமையான தொழில்தான். பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு பிறந்தவர்கள் போல் திரிவார்கள். நல்ல பந்தயத்தைப் பார்க்க வேண்டுமானால் ஊரை விட்டுப் பிரயாணம் செய்தே தீர வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எங்களுக்குத் தலைநகரம் சென்னை. அது முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பக்கத்து ராஜ்யத்தின் தலைநகரமாகிய பெங்களூரோ அதில் பாதி தூரங்கூட இல்லை. காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ்ஸில் ஊர் ஊராகத் தாண்டி, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு வழி பிறந்துவிடும். எனவே சென்னைக் குழுவுக்கு 'வெளியூர்' மைதானம் எதுவோ, அதுவே தர்மபுரிக்காரனுக்கு அடுத்த வீடு. வேலை தேடியும் பூ விற்கவும் எங்கள் ஜனங்கள் போய் வரும் அதே சாலையில், நான் பந்து பார்க்கவும் போய் வந்திருக்கிறேன்.

அந்த மைதானத்தில்தான் குர்பிரீத் சிங் சந்து என்ற கோல் கீப்பரை நான் முதலில் பார்த்தது. ஆறரை அடியை நெருங்கும் உயரம். பஞ்சாபி வாலிபர். நார்வே தேசத்து ஸ்டாபேக் கழகத்தில் ஆடிவிட்டு, 2017-ல் பெங்களூர்க் கழகத்தில் சேர்ந்தவர். அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே கைகளை விரித்து நின்றால், பந்தை உதைக்க வருகிறவனுக்கு வலை சுருங்கிவிட்டது போலத் தோன்றும்.

இனி, நான் சொல்ல வந்த ஆட்டத்துக்கு வருகிறேன். 2019-ம் வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி, உலகக் கோப்பைத் தகுதிப் பந்தயத்தில், கத்தார் தேசத்தை அதன் தலைநகரமாகிய தோஹாவிலேயே இந்தியா சந்தித்தது. இரு தரப்பின் நிலையையும் நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தார் அப்போது ஆசியாவின் சாம்பியன். அதே வருஷம் பிப்ரவரி முதல் தேதி அபுதாபியில் ஜப்பானை 3-1 என்று வென்று ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. அந்தப் போட்டி முழுவதிலும் அவர்கள் அடித்த கோல் 19. வாங்கியது ஒன்றே ஒன்று. 2022-ம் வருஷத்து உலகக் கோப்பையை நடத்தப் போகிற நாடு வேறு. இந்தியாவை எதிர்கொள்வதற்கு ஐந்து நாள் முன்னால்தான் ஆப்கானிஸ்தானத்தின் மீது ஆறு கோல் போட்டிருந்தார்கள்.

நம்மவர்கள் நிலை என்ன? அதே ஐந்து நாள் முன்னால் கௌஹாத்தியில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், ஓமானுக்கு எதிராக 82-வது நிமிஷம் வரை முன்னணியில் இருந்து, கடைசியில் இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தார்கள். போதாக்குறைக்கு, அணியின் தலைவரும் கோல் போடுவதில் சூரருமான சுனில் சேத்ரி ஜுரத்தில் படுத்துவிட்டார். தலைமைப் பொறுப்பு குர்பிரீத்தின் தோளில் விழுந்தது.

நமது கடிகாரப்படி இரவு பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பம். ஊர் உறங்கும் நேரம். என் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் என்னுடன் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்: பக்கத்து வீட்டு லாரி டிரைவர், அவருடைய மகன், என் மாணவன் ஒருவன். அடுத்த தொண்ணூறு நிமிஷம் நாங்கள் கண்டதை ஆட்டம் என்பதைவிட முற்றுகை என்பதே பொருந்தும். கத்தார் வீரர்கள் அலைமேல் அலையாக வந்தார்கள். இருபது தடவைக்கு மேல் கோலை நோக்கிப் பந்து பறந்தது. சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும் மார்பைக் கொடுத்தார்கள், காலைக் கொடுத்தார்கள், தலையைக் கொடுத்தார்கள். அவர்களைத் தாண்டி வந்த பந்தையெல்லாம் குர்பிரீத் ஒருமுறை கையால் தட்டினார். மறுமுறை காலால் தடுத்தார். இன்னொரு முறை முழு உடம்பாலும் விழுந்து மறைத்தார். பின்பகுதியில் நம்மவரும் இரண்டொரு தடவை வெளியே பாய்ந்தார்கள். உதாந்தா சிங் அடித்த பந்து கம்பத்துக்கு அருகே வெளியே போனபோது லாரி டிரைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முடிவில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தோஹாவின் காலரிகளில், கூலிக்கும் உத்தியோகத்துக்கும் அங்கே சென்று வாழும் இந்தியர்கள் ஏதோ கோப்பையையே வென்றுவிட்டாற்போல் ஆரவாரம் செய்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்த மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, நாம் ஒரு கோல்கூடப் போடவில்லையே! ஜெயிக்காத ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. 'தோற்காமல் இருந்ததே வெற்றி' என்பது பலவீனர்களின் சமாதானமாகவும் இருக்கலாம் அல்லவா? 'பின்தங்கிய ஜில்லா' என்ற பட்டத்தைச் சுமக்கும் ஊரில் பாடம் சொல்லித் தருகிறவன் இந்த விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கொஞ்சத்தில் திருப்தியடையும் குணத்தைப் பிள்ளைகளுக்குப் புகட்டிவிடக் கூடாது. அதனால் உடனே பதில் சொல்லாமல், அந்த வாரக் கடைசியில் அவனையும் இன்னும் சில பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் போனேன்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன் என்று குழந்தைகளும் அவனை அறியும். அவன் கதைமாந்தன் அல்ல. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படையுடன் வந்து தகடூரை முற்றுகையிட்டான். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. அது மறைந்து சில பாட்டுகளே எஞ்சியிருக்கின்றன.

இங்கே நம் முன்னோர்கள் செய்துவைத்த ஓர் ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். கோட்டையை வளைக்கிறவன் சூடும் பூ உழிஞை. உள்ளேயிருந்து காக்கிறவன் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைத் திணைக்குள்ளேயே அடக்கினார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனாரோ நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்துவிட்டார். வென்றவனுக்கு வாகைப்பூ இருக்கவே இருக்கிறது. அதற்காகக் காத்து நின்றவனை வெறுந்தலையோடு விட்டுவிட நம்மவர்களுக்கு மனம் வரவில்லை. அவனுக்கென்று ஒரு பூவைக் கொடுத்தார்கள். அது எங்கேயோ மலையுச்சியில் பூக்கும் அபூர்வ மலரும் அல்ல. ஜலதோஷம் வந்தால் நம் வீடுகளில் ஆவி பிடிப்பதற்குப் போடுகிறோமே, வேலியோரத்து நொச்சி, அதுதான்!

"அப்படியானால் குர்பிரீத்துக்கு நொச்சிப் பூ!" என்றான் ஒருவன். நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதையும் அவர்களுக்கு மறைக்கவில்லை. தகடூர் விழுந்தது. அதியமான் மாண்டான். நம் கால்பந்துக் கோட்டையும் வெகுநாள் நிற்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 15-ம் தேதி கல்கத்தாவில் வங்காள தேசத்தோடு ஆடி, 88-வது நிமிஷத்தில் ஆதில் கான் போட்ட கோலினால் 1-1 என்று தப்பினோம். தோஹாவிலும் ஒரு புள்ளி, கல்கத்தாவிலும் ஒரு புள்ளி. கணக்குப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னது தேன், பின்னது வேப்பங்காய். சமமாக முடிந்த ஆட்டத்தின் மதிப்பு, எங்கே, யாரிடம், எந்த நிலையில் அதைப் பெற்றோம் என்பதைப் பொறுத்தது. சொந்த முற்றத்தில், நம்மினும் எளிய எதிரியிடம் தட்டுத் தடுமாறி வாங்கிய புள்ளிக்கு நொச்சி சூட முடியாது. பிள்ளைகள் கொஞ்சத்தில் திருப்தியடைந்துவிடுவார்களோ என்ற என் கவலைக்கு இதுவே விடை.

2021-ல் அதே தோஹாவில் கத்தாரிடம் 1-0 என்று தோற்றோம். 2024 ஜூன் மாதத்தில் மறுபடியும் அங்கே 2-1 என்று தோற்றோம். அன்று கத்தார் போட்ட முதல் கோலுக்கு முன்னால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று பெரிய தகராறும் எழுந்தது. அத்துடன் அடுத்த உலகக் கோப்பை ஆசையும் போயிற்று.

எனினும் 2019-ல் தொடங்கிய அந்தத் தகுதிப் பந்தயத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கத்தார் தன் பிரிவில் எட்டு ஆட்டம் ஆடிற்று. ஏழில் வெற்றி. மிச்சம் ஒன்றுதான் இந்தியாவுடன் ஆடிய ஆட்டம். வேறு எவரும் அவர்களிடமிருந்து ஒரு புள்ளி பறிக்கவில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. தகடூரை வென்ற சேரனைச் சரித்திரம் எப்படி அழைக்கிறது? 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே அழைக்கிறது. வென்றவனுடைய பெயரைச் சொல்ல வேண்டுமானால், எதிர்த்து நின்ற ஊரின் பெயரை முதலில் சொல்லியாக வேண்டியிருக்கிறது!

திரும்பும் வழியில் பிள்ளைகளைத் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் சென்றேன். எங்கள் ஜில்லாவின் உண்மையான செல்வம் அங்கேதான் வரிசையாக நிற்கிறது. எல்லாம் நடுகற்கள். ஒரு கையில் வில்லோ வாளோ பிடித்து, முன்னே காலெடுத்து வைத்து நிற்கும் வீரர்கள். பெரும்பாலோர் மன்னர்கள் அல்ல. ஊர் மாட்டைக் கவர்ந்து போக வந்தவர்களை எதிர்த்து விழுந்த சாமானிய மனிதர்கள். மாடு திரும்பி வந்ததா, இல்லையா என்பது பல கற்களில் நமக்குத் தெரிவதில்லை. அவன் நின்றான் என்பது தெரிகிறது. அதற்காக ஊரார் கல் நட்டார்கள்.

பள்ளிக்கூட மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓட முடியாத பிள்ளையை, பந்தை உதைக்கத் தெரியாத பிள்ளையை, கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்திவிடுவார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் நடந்து வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் கண்ட மாறுதல் ஒன்றே. திங்கட்கிழமை மாலையில், யார் கோல் காப்பது என்று எங்கள் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்டவனுடைய குரல்தான் அதில் பெரிதாய்க் கேட்டது.