சரி, உட்காரு

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் வந்ததும் வராததுமாக, “எங்க ஆடு குட்டி போட்டிருக்கு டீச்சர்” என்கிறான். “சரி, உட்காரு” என்று சொல்லிவிடலாம். “எத்தனை குட்டி? என்ன நிறம்? நீ பக்கத்துல இருந்தியா?” என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்க அரை நிமிடமும் கொஞ்சம் தெம்பும் வேண்டும். பாடத்தோடு மனநலத்தையும் வளர்க்கும் நேர்மறைக் கல்வி என்று இன்று பேசப்படுவதில் பாதி அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது என்பது, ஏரல் வட்டார அரசுப் பள்ளி ஆசிரியையாக நான் கண்டது.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் கிராமர் பள்ளியில் 2008-இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேன் குழுவினர் நேர்மறைக் கல்வியைத் தொடங்கியபோது, நேராகப் பிள்ளைகளிடம் போகவில்லை. முதலில் சுமார் 100 ஆசிரியர்கள், அலுவலர்களுக்கு ஒன்பது நாள் பயிற்சி, பிறகுதான் வகுப்பறை. அது வசதியான தனியார் பள்ளி. ஒன்பது நாளெல்லாம் எங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அந்த வரிசை சரியானது. டெல்லி அரசு 2018-இல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் கொண்டுவந்து, எட்டாம் வகுப்புவரை அதற்கென்று பீரியடே ஒதுக்கியது. நல்ல முயற்சி. அந்தப் பீரியடுக்குள் நுழைகிற ஆசிரியர் இரவு தூங்கினாரா என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

ஆசிரியரையும் கேட்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு எங்களுக்குப் புரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது; பாலத்தை ஒட்டிய சாலை அறுந்து ஊர் தனித்துப் போனது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் சொன்ன முதல் வார்த்தை, “புக்கெல்லாம் போயிட்டு டீச்சர்.”

அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொல்வது செலிக்மேனின் பயிற்சிகளில் ஒன்று. அந்த வாரம் நான் அதைத் தொடவில்லை. வீடு நனைந்த பிள்ளையிடம் நல்லது என்ன நடந்தது என்று கேட்பது, அழாதே என்று அதட்டுவதற்குச் சமம். தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, விருப்பமிருந்தால் வரையலாம் என்றேன். ஃபேன்வரை தண்ணீர், மொட்டை மாடியில் ஆட்கள், மிதக்கும் சிலிண்டர், ஹெலிகாப்டர். ஒருத்தி தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தை மட்டும் தீட்டிக் கொடுத்தாள். யாரையும் விளக்கச் சொல்லவில்லை. காலை வழிபாடும் சத்துணவும் கடைசி மணியும் நேரம் தவறாமல் நடக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டோம். எல்லாம் குலைந்து கிடக்கும்போது மணி அடிக்கும் நேரமாவது மாறாமல் இருப்பது அந்த வயதுக்குப் பெரிய ஆறுதல்.

பொங்கல் விடுமுறை கழிந்த பிறகுதான் நல்லதைப் பற்றிக் கேட்டேன். பதில்களில் வந்தவர்கள் மனிதர்கள்: கதவைத் திறந்துவிட்ட மாடி வீட்டு அத்தை, கயிறு கட்டி இழுத்த அண்ணன், சோறு பொங்கிப் போட்ட பக்கத்துத் தெருக்காரர்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர்களில் சிலர், தங்கள் வீட்டுச் சகதியை வழித்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கல்வி சாராத பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணத்துக்கு விலக்கு உண்டு. நிவாரணத்துக்குப் போவது எங்கள் கடமைதான், அதில் மறுப்பில்லை. அந்தப் பேரிடரில் ஆசிரியரும் சிக்கியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

நாங்களே ஒன்று செய்துகொண்டோம். “வீட்டுக்குப் போங்க அக்கா, கடைசி பீரியட் நான் பாத்துக்கிடுதேன்” என்று ஒருவர் தொடங்கியது வழக்கமானது. வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வேண்டியவர்கள் அப்படிப் போய்வந்தார்கள். எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகளை, கைபேசியில் வேகமான இளைய ஆசிரியர் ஒருவர் எல்லாருக்குமாக ஏற்றினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டுத் திருத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். பிள்ளைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐச் சுவரில் ஒட்டியபோது, அது நமக்கும்தான் என்று சொல்லி ஒட்டினேன். இருவர் குறித்துக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மாணவர் மனநலப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்குத் தனிப் பதிவேடு உண்டா? உண்டென்றால், அதற்குப் பதிலாக எந்தப் பதிவேட்டை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்வீர்கள்?