மேஜையின் உயரம்

நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் கைவினை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆனந்த குமாரசுவாமியின் பாதிப்பு தூக்கலாக இருந்த கட்டுரை. இந்தியக் கைவினைஞனைப் பற்றிய அவருடைய 1909ஆம் வருஷத்துப் புஸ்தகத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். தரையில் குந்தி, மரத்தைக் கால் விரல்களால் கவ்விப் பிடித்து உளியை ஓட்டும் நம் தச்சனின் உடம்பில் ஒரு ஞானம் குடியிருக்கிறது, மேஜை முன் நின்று வேலை செய்யும் ஐரோப்பியன் அதை இழந்துவிட்டான் என்கிற ரீதியில் போயிற்று அது. இரண்டொரு நண்பர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். மறுப்பு எதுவும் வரவில்லை. இப்போது நானே மறுக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். என் புஸ்தக அலமாரி அவர் செய்தது. அந்தக் கட்டுரை வந்த இதழை அவரிடம் கொடுத்திருந்தேன், கொடுத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, "படிச்சேன் சார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முட்டியப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார். வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைக் காட்டினார். நான் அலமாரிக் கதவு இறுகிக்கொள்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

தரையை விட்டு அவர் எழுந்து பல வருஷங்களாகின்றன. 32 அங்குல உயரத்தில் கெட்டியான மேஜை ஒன்று போட்டிருந்தார். அதுவும் சரிப்படவில்லை. அவர் ஐந்தடி இரண்டங்குலம். மகன் ஐந்தடி பத்து. இவருக்கு இழைக்க அது அதிக உயரம். அவனுக்குச் செதுக்க அது பள்ளம். இவருக்குத் தோளில் வலி, அவனுக்கு முப்பது வயதுக்குள் முதுகில். மகன் பிளைவுட் வேலைக்குச் சென்னை போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இருவருக்குமிடையே நடந்த சண்டைகளில் பாதி இந்த மேஜையைப் பற்றியதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது தலைமுறை இடைவெளி மாதிரித் தெரிந்தது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் இருவரும் சேர்ந்து வேறு மேஜை செய்தார்கள். மேல்பலகை வாகை, மூன்றங்குலக் கனம். கால்கள் இரட்டை, வெளிக்கால் பெட்டி மாதிரி, உட்கால் அதற்குள் ஏறி இறங்கும். அங்குலத்துக்கு ஒரு துளை, துளையில் இரும்பு ஆணி. தூக்குவதற்கு இரண்டு பழைய கார் ஜாக்கிகள், பக்கத்துக்கு ஒன்று. 28 அங்குலத்திலிருந்து 39 வரை போகிறது.

ஆளுக்கு ஒரு உயரம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அது பாதி விஷயம். ஒரே ஆளுக்கே வேலைக்கு வேலை உயரம் வேறு. இழைக்கும்போது மேஜை தாழ்வாக இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் உள்ளங்கை எங்கே வருகிறதோ அந்த மட்டத்தில். அப்போதுதான் இழைப்புளியை இடுப்பும் காலும் சேர்ந்து தள்ளும். மேஜை உயர்ந்தால் பளு தோளுக்கு ஏறிவிடுகிறது. கொட்டாப்புளியால் துளை அடிப்பதற்கும் தாழ்வுதான். இழுப்பறை மூலையில் விசிறி போல விரியும் பற்களை அறுப்பது நேர் எதிர். வாள் பென்சில் கோட்டை ஒட்டி இறங்க வேண்டும், கண் கோட்டுக்கு அருகில் இருந்தாக வேண்டும். தாழ்ந்த மேஜையில் முதுகு வளைந்துதான் கண் அங்கே போகும். மேஜை முழங்கை உயரத்துக்கு வந்துவிட்டால் கண் போக வேண்டியதில்லை; மரம் வருகிறது. அலமாரியைக் கோத்துப் பசை போட்டு இறுக்கும்போது மறுபடி ஆகக் கீழே. ரம்ப மிஷினில் நீளப் பலகை ஓட்டும்போது மிஷின் தட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வைத்துவிட்டால் வெளியே வரும் பலகை தொங்காது. முன்பெல்லாம் அதைத் தாங்குவதற்கென்றே ஒரு ஆள் நிற்பான்.

குறை இல்லாமல் இல்லை. அசையக்கூடிய கால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். இழைக்கும்போது மேஜை ஆடினால் பலகையில் அலை விழும். முதல் மாதம் அவர் இதைத் திட்டாத நாளில்லை. பிறகு உட்காலுக்கும் வெளிக்காலுக்கும் நடுவே ஆப்பு இறக்கி, கீழ்ச்சட்டத்தில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். ஜாக்கிகளை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒன்றை அதிகம் சுற்றினால் மறுபக்கம் முரண்டுகிறது. உயரம் மாற்றப் பத்து நிமிஷம் பிடிக்கிறது. அதனால் தாழ்வான வேலைகளைக் காலையில் முடித்துக்கொள்கிறார்கள்.

'ஐரோப்பியன் நிற்கிறான்' என்று எழுதியதும் அரைகுறைதான். ஜெர்மனியில் ஸால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணறுகளிலிருந்து தச்சு மேஜைகள் கிடைத்திருக்கின்றன. முழங்கால் உயரம்தான் இருக்கும், அதன் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஹெர்குலேனியத்துச் சுவரோவியம் ஒன்றிலும் அப்படிப்பட்ட தாழ்ந்த மேஜை இருக்கிறது. நாம் 'மேற்கத்திய மேஜை' என்று நினைக்கும் கனத்த, நின்று வேலை செய்கிற மேஜை பிரெஞ்சுத் தச்சர் ரூபோ 1769 முதல் வெளியிட்ட பெரும் நூலில் படத்தோடு வருகிறது. இழைக்கும் வேலையை மிஷின் எடுத்துக்கொண்ட பிறகு மேஜைகள் மெல்ல உயர்ந்தன. கைக்கு மிச்சம் இருந்தது நுணுக்கமான வேலைதான். நுணுக்கத்துக்குப் பெரிய மேஜை மேல் ஒரு குட்டி மேஜையை ஏற்றி வைத்துக்கொள்வதும் அங்கே உண்டு. ஆக, நான் நாகரிகங்களின் வித்தியாசம் என்று கண்டுபிடித்தது பெருமளவு வேலைகளின் வித்தியாசம். இதே தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பலா மரக் குடத்தைத் தரையில் கிடத்தி, உட்கார்ந்துதான் குடைகிறார்கள். அந்த வேலைக்குத் தரை சரியாக இருக்கலாம். அவர்கள் முழங்காலைக் கேட்காமல் இதையும் நான் சொல்லக்கூடாது.

இதை விமர்சனத்துக்கு உருவகமாக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. நிலையான அளவுகோல், படைப்புக்கேற்ப நகரும் அளவுகோல் என்று இரண்டு பக்கம் சுலபமாக எழுதிவிடலாம். நம் பத்திரிகைகளில் உருவகத்துக்குப் பஞ்சமில்லை. மேஜை மேஜையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். என்னை உறுத்துவது வேறு. பட்டறைக்குப் பல தடவை போயிருக்கிறேன். அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் 'உடம்பின் ஞானம்' என்று எழுதினேன்.

மகன் சென்னை போகவில்லை. மேஜை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். சென்ற தையில் கல்யாணமும் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மகன் முந்தின இரவு 38இல் விட்டுவிட்டுப் போயிருந்தான். கிழவர் கையில் இழைப்புளியோடு மேஜை முன் நின்று, "இவனுக்கு எத்தனை தடவை சொல்றது" என்றார். என்னைப் பார்த்ததும், "சார், அந்தப் பக்கத்து ஜாக்கியப் புடிங்க" என்றார். ஆணி இளகுவதற்கு முதலில் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டுமாம். நான் கீழே சுற்றிக்கொண்டிருந்தேன். "மேல சார், மேல" என்றார். மூன்று ஆணிகள் வந்துவிட்டன. நாலாவது வரவில்லை. அவர் கொட்டாப்புளியைத் தேடி எடுத்து வந்து தட்டும்வரை நான் கைப்பிடியை விடாமல் குனிந்தபடியே இருந்தேன்.