தனக்குத்தானே வாழ்த்து எழுதிய மனிதர்

இஷாத் தொழுகைக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம் தொலைக்காட்சி பார்க்க அனுமதி உண்டு. வாப்பாவுக்குச் செய்தி வேண்டும். தம்பிக்குக் கிரிக்கெட் வேண்டும். உம்மாவுக்கு யாரும் சண்டை பிடிக்காமல் இருந்தால் போதும். இவர்கள் எல்லோரையும் சமாதானமாக ஒன்றாக உட்கார வைக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் மிஸ்டர் பீன்.

எங்கள் உம்மும்மாவும் அவருக்கு ரசிகைதான். உம்மும்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் நகைச்சுவைக் காட்சிகளில் வேகமாகப் பேசுவதும் அவருடைய காதுக்கு எட்டாது. மிஸ்டர் பீனிடம் இந்த இரண்டு கஷ்டமும் இல்லை. அவர் வாய் திறப்பதே அபூர்வம். முகமும் கையும் காலும்தான் பேசும். 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆரம்பித்து 1995 வரை வெளிவந்த இந்தத் தொடரில் மொத்தமே 15 அங்கங்கள்தான். அவற்றை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை.

ஒரு நாள், அவர் உணவகத்துக்குப் போகும் அங்கம் போனது. தனியாக ஒரு மேசையில் உட்காருகிறார். ஒரு வாழ்த்து அட்டையை எடுத்து ஏதோ எழுதுகிறார். உறையில் போட்டு ஒட்டி, மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். பிறகு அதை அப்போதுதான் கண்டவர் போலத் திறந்து பார்த்து, ஆச்சரியப்பட்டுப் பூரித்துப் போகிறார். நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உம்மும்மா சிரிக்கவில்லை.

“இண்டைக்கு அவர்ட பொறந்த நாளா மகள்?”

“ஓம் உம்மும்மா.”

“அப்ப அவருக்கு வாழ்த்துச் சொல்ல ஒருத்தரும் இல்லையா?”

எத்தனையோ தடவை பார்த்த காட்சி. இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

பிறகு சாப்பாடு வந்தது. பெயர் விளங்காமல் அவர் கேட்டது, அரைத்த பச்சை இறைச்சி. சாப்பிடவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வெட்கம். பாணுக்குள்ளும் பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள்ளும் ஒளிக்கிறார். இப்போது உம்மும்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கலியாணம் முடித்துப் புகுந்த வீட்டில் முதல் விருந்தில் உட்கார்ந்தபோது, தனக்குப் பிடிக்காத ஈரல் துண்டுகளைச் சஹனில் சோற்றுக்கடியால் மச்சியின் பக்கம் தள்ளிவிட்ட கதையைச் சொன்னார். “அண்டைக்கு நானும் இவரப் போலத்தான்” என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். உம்மும்மா அவரோடு சேர்ந்து சிரித்தார். இரண்டும் ஒன்றல்ல என்று தோன்றியது. அதோடு, அந்த வாரம் நான் செய்த ஒரு காரியமும் நினைவுக்கு வந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவிக்குப் பேசும்போது நாக்குத் தடுமாறும். ஓர் இடைவேளையில் அவள் எதையோ சொல்ல ஆரம்பித்து, முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டாள். நான் அவளைப் போலவே பேசிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவளும் சிரித்தாளே என்றுதான் என் மனதுக்கு நான் சமாதானம் சொல்லியிருந்தேன். இப்போது யோசித்தால், அது மிஸ்டர் பீன் தன் அட்டையைத் திறந்தபோது சிரித்த சிரிப்பு. தனியாகிவிடக் கூடாது என்பதற்காகத் தானே செய்துகொண்ட சிரிப்பு.

ஒரு கூட்டத்தினர் இன்னொரு கூட்டத்தினரைப் பரிகாசம் செய்ய வேண்டாம், பரிகசிக்கப்படுபவர்கள் மேலானவர்களாக இருக்கலாம் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் சொல்கிறது. பெண்களுக்கும் அதே வசனத்தில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இஸ்லாம் பாடப் பரீட்சைக்கு அதை மனனம் செய்து முழுப் புள்ளியும் எடுத்தவள் நான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் பகிடி பேசியிருக்கிறார்கள். ஏறிச் செல்ல வாகனம் கேட்ட ஒருவருக்கு ஒட்டகத்தின் பிள்ளையைத் தருவதாகச் சொல்ல, குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் பிள்ளைதானே என்றார்கள் நபியவர்கள். அந்தப் பகிடியில் பொய்யும் இல்லை, காயப்பட்டவரும் இல்லை.

மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சனைப் பற்றியும் பிறகு வாசித்தேன். ஒக்ஸ்போர்டில் மின் பொறியியல் படித்தவர். அவருக்கும் திக்குவாய் இருந்திருக்கிறது. இன்னொரு பாத்திரமாக மாறி நடிக்கும்போது அது மறைந்துவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தையே சிரிக்க வைத்த மனிதருக்கு இருந்த அதே தடுமாற்றத்தைத்தான் நான் வகுப்பில் விளையாட்டாக்கியிருந்தேன்.

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, “நீங்க என்னப் போலப் பேசினது கூடப் பரவாயில்ல. நான் என்ன சொல்ல வந்தண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அதுதான் கவல” என்றாள்.

“என்ன சொல்ல வந்தீங்க?”

அவள் சொல்ல வந்ததும் ஒரு பகிடிதான். குர்பானுக்குக் கொண்டு வந்த ஆட்டின் மேல் இரக்கப்பட்டு அவளுடைய தம்பி அதைக் குளியலறைக்குள் ஒளித்து வைக்க, அது அங்கே தொங்கிய வாப்பாவின் புதுச் சாரனைத் தின்று தீர்த்த கதை. சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. நான் இடையில் ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. முடிந்ததும் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் யாரும் வெளியில் நிற்கவில்லை.

இப்போதும் அந்த அங்கம் போனால் எல்லோரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். மிஸ்டர் பீன் அட்டையைத் திறக்கும் நேரத்துக்கு உம்மும்மா தொலைக்காட்சியைப் பார்த்து, “நல்லா இரிங்க வாப்பா, அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்” என்று துஆச் செய்கிறார். நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். உம்மும்மாவும் சிரிக்கிறார். ஆனால் துஆவை நிறுத்துவதில்லை.